ஓடியாங்கம்மா ஓடியாங்க

செல்லூர், மதுரை
12.8.2024

தம்பி தவசிக்கு, அக்கா தங்கப்பொண்ணு எழுதுவது.

இங்கே உன் மச்சானும் திவ்யாவும் சௌக்கியம். அங்கே நீயும் தாமரைச்செல்வியும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். நான் சௌக்கியமில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, வயிறுதான் எரிகிறது.

'பஸ் ஏறினா திருமங்கலம் எம்புட்டுத் தூரம், கையில போன் வேற இருக்கு, இவ என்னத்துக்குக் கடுதாசி போடுறா' என்று நீ கேட்பாய். நேரில் வந்தால் உன்னை அடித்துவிடுவேன். போனில் பேசினால் நீ என் குரலைப் பிடித்து வைத்துக்கொள்வாய். இனிமேல் என் குரலில் ஒரு சொல்கூட உனக்குக் கிடையாது. எழுத்துத்தான். இதை எடுத்துக்கொண்டு போய் உன் ஸ்பீக்கரில் ஓட்டு, பார்ப்போம்.

பங்குனியில் புது லோடு ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாய். "எக்கா, எனக்குத் தொண்டை பத்தாது. நீ ஒருக்கா கூவு, போன்ல பிடிச்சுக்கிறேன்" என்றாய். தம்பி பிழைக்க வண்டி வாங்கியிருக்கிறானே என்று நானும் போட்டோவுக்கு நிற்பதுபோல இடுப்பில் கை வைத்துக்கொண்டு கூவினேன். 'ஓடியாங்கம்மா ஓடியாங்க! அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி! ஓடியாங்கம்மா ஓடியாங்க!' கடைசியில் உன்னைப் பார்த்து, "போதுமாடா தம்பி?" என்று கேட்டேன். அதையாவது வெட்டினாயா? அதுவும் சேர்ந்து ஓடுகிறது.

உன் ஒரு வண்டியோடு போயிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். இன்றைக்கு மதுரையில் எந்த லோடு ஆட்டோவைப் பார்த்தாலும் அதில் நான்தான் கத்துகிறேன். வெங்காய வண்டியிலும் நான். உப்பு வண்டியிலும் நான். உப்பு விற்கிறவனுக்குப் பொன்னாங்கண்ணி எதற்கு? வெட்டத் தெரியாமல் அப்படியே ஓட்டுகிறான், பாவி. காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு நான் ஒரு தெருவுக்குள் நுழைவதற்கு முன்னால் நானே அந்தத் தெருவுக்குப் போய் வந்துவிடுகிறேன். "இப்பத்தானே போன, திரும்ப என்ன?" என்று வாடிக்கைக்காரிகள் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்னைப் பார்த்ததும், "போதுமாடா தம்பி?" என்று கோரஸ் பாடுகின்றன.

அந்தக் குரலை எடுத்துப்போடு. உன் வண்டியில் இருப்பதையும் எடு, நீ யார் யாருக்குக் கொடுத்தாயோ அவர்களிடம் இருப்பதையும் எடு. எடுத்துவிட்டு எனக்கு எழுது.

உன் அக்கா,
தங்கப்பொண்ணு

திருமங்கலம்
21.8.2024

என் அருமை அக்காவுக்கு, தம்பி தவசி எழுதிக்கொள்வது.

நீ போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் நானும் பேனா வாங்கிவந்து உட்கார்ந்திருக்கிறேன். உன் கடுதாசியைக் கொடுத்த தபால்காரர், "என்னப்பா, கோர்ட்டு நோட்டீசா?" என்று கேட்டார். படித்துப் பார்த்தேன், அதைவிட மோசமாகத்தான் இருந்தது.

அக்கா, சத்தியமாக நான் யாருக்கும் கொடுக்கவில்லை. மெமரி கார்டு மக்கர் பண்ணியது. டவுனில் ஒரு கடையில் சரிபண்ணக் கொடுத்தேன். அவன் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, வருகிற வண்டிக்காரனுக்கெல்லாம் ஏற்றிக் கொடுத்துவிட்டான். "லேடீஸ் வாய்ஸ், நல்லா இழுக்கும்ணே" என்று என்னிடமே விற்கப் பார்த்தான் என்றால் பார்த்துக்கொள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இதில் உனக்கு என்ன குறைந்துபோயிற்று? ஓட்ட ஓட்டக் குரல் தேய்ந்தா போகும்? அழகர்கோவில் போகிற வழியில் ஒருவன் உன் குரலைப் போட்டுத்தான் நெல்லிக்காய் விற்கிறான். நின்று கேட்டேன். 'எங்க அக்காடா அது' என்று கத்த வேண்டும் போல இருந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, உனக்கு ஏன் எரிகிறது? "மதினி குரலைப் போட்டாத்தான் நம்ம வண்டியில கீரை தீருது" என்று தாமரைச்செல்வியும் சொல்கிறாள். நான் கூவினால் நாய்தான் ஓடி வருகிறது.

தை மாதம் திவ்யா கல்யாணம். மாமன் சீரைக் கொட்டு மேளத்தோடு தெரு அடைக்கக் கொண்டுவர வேண்டும் என்று இப்போதே ஆள் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த நேரத்தில் ஒரு சத்தத்துக்காக நமக்குள் சண்டை எதற்கு? போனை எடு அக்கா. உன் திட்டு காதில் விழாமல் சோறு இறங்கவில்லை.

உன் அன்புத் தம்பி,
தவசி

செல்லூர்
9.9.2024

தவசிக்கு,

ஒரு சத்தமா? உனக்கு அது ஒரு சத்தமா?

உன்னை முதல் நாள் வியாபாரத்துக்குக் கூட்டிப் போனபோது என்ன சொல்லிக் கொடுத்தேன்? ஒரு தெருவில் ஒருத்தி குரல் கேட்டால் அடுத்தவள் அதில் கால் வைக்கக் கூடாது, அடுத்த தெருவுக்குப் போய்விட வேண்டும். கூவி விற்கிறவர்கள் எல்லாருக்கும் அதுதான் வழக்கம். யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை. இப்போது எந்தத் தெருவுக்குப் போனாலும் அங்கே ஒரு குரல் கேட்கிறது, அது என் குரலாக இருக்கிறது. நான் எந்தத் தெருவுக்குடா போவேன்? கூவுவதை நிறுத்திவிட்டுக் கீரையை ஆற்றில் கொட்டவா?

இன்னொன்றும் கேள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நான் வழக்கமாகப் போகிற காலனியில், நுழைகிற இடத்தில் இங்கிலீஷில் ஒரு போர்டு மாட்டியிருக்கிறார்கள். வாட்ச்மேன் அதைக் கையால் காட்டிவிட்டு என்னை நிறுத்துகிறான். ஆட்டோவை மட்டும் விடுகிறான், அவனுக்கும் ஆட்டோக்காரனுக்கும் டீக்கடைச் சிநேகம். போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்கும் தெரியவில்லை. நான் அதைப் பார்த்துக் கையில் எழுதிக்கொண்டுவந்து மாடி வீட்டு சுஃபியாவிடம் காட்டினேன். நஜ்முன்னிசா மகள்தான், இங்கிலீஷ் டீச்சராக இருக்கிறாளே, அவள். கூவி விற்கிறவர்களின் 'க்ரை' உள்ளே கூடாது என்று போட்டிருக்கிறதாம்.

"க்ரைன்னா அழுறதுதானே? திவ்யா சின்னப் பிள்ளையில படிச்சாளே. நான் எங்க அழுதேன்?" என்றேன்.

"அழுறதும் க்ரைதான்க்கா. கூவி விக்கிறதும் க்ரைதான். 'ஐயோ காப்பாத்துங்க'ன்னு கத்துனாலும் அதே க்ரைதான். கதைப் புத்தகத்துல ஒருத்தன் சந்தோஷத்துல 'ஆகா'ன்னு கத்துனாக்கூட அதைத்தான் போட்டிருப்பாங்க" என்றாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "அப்ப வெள்ளைக்காரன் தொட்டிலை ஆட்டுறதா, கூடையை இறக்கச் சொல்றதா, கம்பை எடுத்துக்கிட்டு ஓடுறதான்னு எதை வச்சுடி தெரிஞ்சுக்குவான்? அவனுக்குக் காது இருக்கா இல்லையா?" என்று கேட்டேன். கூப்பிடுவது வேறு, கூவுவது வேறு, அலறுவது வேறு. நம் வீட்டு மாட்டுக்குக்கூட அது தெரியும். சுஃபியா விழுந்து விழுந்து சிரித்தாள். "முன்னாடி பின்னாடி என்ன வார்த்தை வருதுன்னு பாக்கணும்க்கா. யாரு கத்துறா, எதுக்குக் கத்துறான்னு கவனிச்சா புரிஞ்சிரும்" என்றாள். எவன் அம்புட்டுக் கவனிக்கப்போகிறான்? அதே வார்த்தையை வைத்து, ஒன்றுக்கொன்று ஒட்டே இல்லை, ரொம்பத் தூரம் என்பதற்கு 'ஃபார் க்ரை' என்றும் சொல்வார்களாம். அது மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. உனக்கும் எனக்கும் இப்போது இருப்பது அதுதான்.

கடைசியாகச் சொல்கிறேன். என் குரல் இறங்காத வண்டியில் மாமன் சீர் ஏறி வரக் கூடாது. நீ கொண்டுவருகிற மாலையை என் மகள் கழுத்தில் வாங்க மாட்டாள். கொட்டுக்காரனிடம் சொல்லிவிடு.

தங்கப்பொண்ணு

திருமங்கலம்
7.10.2024

அக்காவுக்கு,

உன் கடுதாசியைப் படித்துவிட்டு வேண்டுமென்றேதான் இத்தனை நாள் பதில் போடவில்லை. மாலையை வாங்க மாட்டாளாமே! அது நீ கொடுத்த உரிமையா, எடுத்துக்கொள்வதற்கு? திவ்யாவுக்குக் காது குத்தும்போது என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். வலியில் என் கன்னத்தைப் பிறாண்டினாள், அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது வேறு எவன் வந்து அவளை மணமேடைக்குக் கூட்டிப்போவான்? எனக்கும் ரோஷம் இருக்கிறது. பத்துப் பேர் கேட்டால் நான் என்ன சொல்வேன்? அக்கா குரலுக்காகச் சண்டை என்றால் காறித் துப்ப மாட்டார்களா?

ஏதோ நான் மட்டும் உன் குரலை வைத்துக்கொண்டு வாழ்வதுபோல எழுதுகிறாய். உனக்கு வந்த அதே கேடு எனக்கும்தான். பத்து நாளைக்கு முந்தி, ஒரு வியாழக்கிழமை, நீ சொன்ன அந்தக் காலனிக்கே வண்டியைக் கொண்டுபோனேன். புரட்டாசி மாதம், கவுச்சி கிடையாது, கீரை நன்றாகப் போகும் என்று நம்பிப் போனேன். வாட்ச்மேன் விட்டான். வளைவு திரும்பி ஸ்பீக்கரைப் போடலாம் என்று கையை வைக்கிறேன், பக்கத்துத் தெருவிலிருந்து உன் குரல் வருகிறது! எனக்கு முன்னால் எவனோ நுழைந்துவிட்டான்.

அவன் வைத்திருப்பது நல்ல ஸ்பீக்கர் அக்கா. எந்தக் கடையில் வாங்கினானோ, என்னுடையது மாதிரி கரகரப்பே இல்லை. அசல் நீயே நின்று கத்துவது போல இருந்தது. அதுவும் கீரைப் பேர் ஒன்றும் இல்லை. 'ஓடியாங்கம்மா ஓடியாங்க'வை மட்டும் வெட்டி ஒட்டி, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தான். எங்களுக்கெல்லாம் இல்லாத வித்தை. போய் அவன் சட்டையைப் பிடிக்கலாமா என்றுகூட நினைத்தேன். நீ சொல்லிக் கொடுத்ததுதான் ஞாபகம் வந்தது. ஒரு குரல் கேட்கிற தெருவில் கால் வைக்கக் கூடாது. வண்டியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அன்றைக்கு முக்கால்வாசிக் கீரை வாடித்தான் போயிற்று.

இப்போது சொல். நான் உன் பேச்சைக் கேட்கிறேனா இல்லையா? என்னைப் போய் நீ ஒதுக்கிவைக்கலாமா?

தவசி

செல்லூர்
16.10.2024

தவசிக்கு,

உன் கடுதாசியைப் படுக்கையில் படுத்துக்கொண்டு படித்தேன். கால் மாவுக்கட்டில் இருக்கிறது. உனக்குச் சொல்லக் கூடாது என்று உன் மச்சானிடமும் திவ்யாவிடமும் நான்தான் சத்தியம் வாங்கியிருந்தேன். பத்திரிகை வைக்க வரும்போது தெரிந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். இப்போது நானே சொல்லியாக வேண்டும்.

அது ஸ்பீக்கர் இல்லை. நான்தான்.

வாட்ச்மேன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்துக் காலனிக்குள் நுழைந்திருந்தேன். வளைவில் ஒரு பைக் வந்து இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. சாக்கடை ஓரத்தில் விழுந்தேன். கூடை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழங்காலுக்குக் கீழே கால் தொங்கிக்கொண்டு கிடந்தது, எழுந்திருக்க முடியவில்லை. தெருவில் ஒரு ஆள் இல்லை, எல்லா வீட்டிலும் கதவு சாத்தியிருந்தது. கத்தினேன். உயிர் போகிற வலியில் யார் யோசித்து வார்த்தை தேடுவார்கள்? இருபது வருஷமாக என் வாய்க்குப் பழகிய வார்த்தைதான் வந்தது. ஓடியாங்கம்மா ஓடியாங்க. அதையேதான் கத்திக்கொண்டு கிடந்தேன்.

மாடியிலிருந்து ஒருவர், "யாருப்பா அது, சவுண்டைக் குறை!" என்றார். எதிர் வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். எல்லாம் என் காதில் விழுந்தது. எனக்கு எல்லாமே கேட்டதடா, நான் கத்தியது மட்டும்தான் யாருக்கும் கேட்கவில்லை. இங்கிலீஷ்காரனுக்குக் காது இல்லை என்று சுஃபியாவிடம் கத்தினேனே, அவனை எதற்குத் திட்டினேன்? என் வாடிக்கைக்காரிகளுக்கும், நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கீரை கொடுத்தவர்களுக்கும் எல்லாம் ஒரே கத்தல்தான்.

அப்போது பக்கத்துத் தெருவில் ஒரு வண்டி வரும் சத்தம் கேட்டது. அப்பாடா, ஒரு ஆள் வந்துவிட்டான் என்று இன்னும் பலமாகக் கத்தினேன். உடனே ரிவர்ஸ் எடுக்கிற மணிச் சத்தம் கேட்டது. வண்டி போய்விட்டது. எவனோ ஒரு நாசமாய்ப் போகிறவன் என்று மண்ணை வாரித் தூற்றினேன். அது நீ என்று உன் கடுதாசி வந்த பிறகுதான் தெரிகிறது.

நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் நீ செய்தாய். அது எனக்குப் புரிகிறது. புரிந்தும் ஆறவில்லை. தெருக்காரர்களை விடு, அவர்களுக்கு நான் கீரைக்காரி. நீ என் இடுப்பில் வளர்ந்தவன் இல்லையா? உனக்குக் காய்ச்சல் கண்டபோது மருத்துவச்சி வீட்டு வாசலில் போய் நின்று கத்தினேனே, அந்தக் குரலும் உனக்குத் தெரியாதா? கடைசியில் 'போதுமாடா தம்பி' வந்ததா? வந்ததாடா? அது வரவில்லையே என்றுகூட உன் காது கவனிக்கவில்லையே!

என்னைத் தூக்கிவிட்டது ஒரு அம்மா. அவளும் காப்பாற்ற வரவில்லை, பையை எடுத்துக்கொண்டு சிறுகீரை வாங்கத்தான் வந்தாள். "சிறுகீரை இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள் என் காலைப் பார்த்துவிட்டு அலறினாள். அவள் அலறியதும் எல்லாக் கதவும் திறந்தது.

இதற்குமேல் எழுதினால் உன்னைச் சபித்துவிடுவேன். சபிக்க மனசு வரவில்லை.

தங்கப்பொண்ணு

திருமங்கலம்
24.10.2024

அக்கா,

கடுதாசி கையில் கிடைத்ததும் வந்தேனே. நீ சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். மச்சான் டீ கொடுத்தார், குடிக்க முடியவில்லை. உன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவையாவது திட்டியிருக்கலாம் அக்கா. செருப்பை எடுத்து அடித்திருக்கலாம். உன் சத்தம் இல்லாத வீட்டில் இத்தனை நேரம் நான் இருந்ததே இல்லை.

கார்டைக் கல்லில் வைத்து நசுக்கிவிட்டேன். அந்தக் கடைக்காரனிடம் போய் அவன் கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழிக்க வைத்தேன். அழிக்காமல் நான் நகரவில்லை, கூட்டம் கூடிவிட்டது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற வண்டிகளை என்ன செய்வேன்? வழியில் பார்க்கிற வண்டியையெல்லாம் மறித்துக் கேட்கிறேன். வெள்ளைத்துரை என்ற உப்பு வண்டிக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு அங்கேயே ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டார். இன்னொருவன், "உங்க அக்கா என்ன பெரிய ரேடியோவா?" என்றான். அவன் சட்டையைப் பிடித்தேன். இரண்டு பேருக்கும் சட்டை கிழிந்தது.

இப்போது நானேதான் கூவுகிறேன். தொண்டை புண்ணாகிக் கிடக்கிறது. பாதிக் கீரை திரும்பி வருகிறது, வந்தால் வரட்டும்.

படுத்தால் ரிவர்ஸ் மணிச் சத்தம்தான் கேட்கிறது அக்கா. அதையும் வண்டியிலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டேன். சீரைப் பற்றி நான் கேட்கவில்லை. அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. கல்யாணத்தன்று தெரு முனையில் நிற்கிறேன். அதற்காவது அனுமதி கொடு.

தவசி

செல்லூர்
5.12.2024

தம்பி தவசிக்கு,

ஐந்தாறு வாரமாகப் பதில் போடவில்லை. கோபம் தீரவில்லை, அதனால் போடவில்லை. இப்போதும் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். கம்பு ஊன்றி வாசல்வரை நடக்கிறேன். நேற்றுக் காலையில் வாசலில் உட்கார்ந்திருந்தபோது தெருக்கோடியில் ஒரு சத்தம் கேட்டது. தகரத்தைத் தரையில் இழுப்பது போல. "யாரும்மா இது, இம்புட்டுக் கேவலமாக் கூவுறது?" என்று திவ்யா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. முதல் கூவலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, என் காது உன் காது இல்லை. பையைக் கொடுத்து அவளை அனுப்பினேன். நீ அவளைப் பார்த்ததும் கீரையை அள்ளி அள்ளிக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாயாமே. அரைக்கீரையில் பாதி பழுப்பு. வாங்கும்போது கட்டைப் பிரித்துப் பார்த்து வாங்கு என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்?

கல்யாணத்தன்று தெரு முனையில் நிற்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஏன், நீ பந்தல்காரனா? தாய்மாமன் முனையில் நின்றால் என் மகளை யார் மணமேடைக்குக் கூட்டிப்போவது? சீரோடு வா. கொட்டு வை. தாமரைச்செல்வியை முந்தின நாளே வரச் சொல், குலவை போட ஆள் பத்தவில்லை.

இன்னும் நாலைந்து வண்டியில் நான் ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன். நேற்றும் ஒருவன் போனான். அந்த வார்த்தை இனி எனக்கு ஆகாது. பொங்கல் கழிந்து கூடையைத் தூக்கும்போது வேறு ஏதாவது சொல்லிக் கூவிக்கொள்வேன். ஆனால் மறுபடியும் எங்கேயாவது விழுந்து கிடந்தால் என்ன சொல்லிக் கத்துவது என்று படுத்துக்கொண்டே யோசித்தேன். ஐயோ, அம்மா, காப்பாத்துங்க என்றால் ஊரில் எவன் காதிலும் ஏறாது. அதனால் உன் பெயரைச் சொல்லித்தான் கத்தப்போகிறேன். அதைப் போட்டு எவனும் கீரை விற்க முடியாது.

'தவசீ' என்று எங்கே கேட்டாலும் அது நான்தான். வண்டியைத் திருப்பாமல் ஓடிவா.

உன் அக்கா,
தங்கப்பொண்ணு